‘கொல்லப்பட்டார்’ என்றே வெட்டுங்கள்

நெவில் ஸ்டாதரைப் புதைத்த இடத்தில் மண் இறங்கிப் படிந்துவிட்டது, இனிக் கல் நடலாம் என்று கல் வெட்டுகிற பிளெங்கின் சொல்லியனுப்பியபோது, நெவிலின் மனைவி லினெட், ஹூசன் என்பவரின் மீன் புகைக்கூடத்தில் ஹேடாக் மீன் கீறிக்கொண்டிருந்தாள். மார்ச் மாதம். ஹம்பர் முகத்துவாரத்திலிருந்து கீழ்க்காற்று நேராக ஏறி வந்து, பின்வாசல் வழியாகப் புகுந்து, ஈரத்தரையில் ரப்பர் பூட்ஸோடு நிற்கிற பெண்களின் முழங்காலைப் பிடிக்கிற காலம். மீனைக் கீறி, முதுகெலும்பை எடுத்து, உப்புத்தண்ணீரில் முக்கிக் கம்பியில் கோத்துவிட்டால், ஆண்கள் அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஓக் மரத்தூள் புகைகிற அறைக்குள் தொங்கவிடுவார்கள். சேதி கேட்டு லினெட் கத்தியை நிறுத்தவில்லை. கையிலிருந்த மீனை முடித்துவிட்டு, "சாயங்காலம் வர்றேன்னு சொல்லு" என்றாள்.

கல்லில் என்ன வெட்டவேண்டும் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

நெவிலும் அவன் தம்பி கீத்தும் ஸ்டோன்ஃப்ளீட் துறைமுகத்தில் வருகிற கப்பலைக் கயிற்றால் கரையோடு கட்டுகிற கும்பலில் இருந்தவர்கள். ஆற்றிலிருந்து மதகுக்குள் நுழைகிற கப்பலுக்கு இரண்டு பக்கமும் கயிறு கொடுத்து, கரையிலுள்ள இரும்புக் கட்டைகளில் மாட்டி, சுவரில் இடிக்காமல் பிடித்து நிறுத்தவேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சும்மா நிற்கிற வேலை மாதிரி இருக்கும். பால்டிக்கிலிருந்து மரம் ஏற்றிவந்த ஒரு கப்பலை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தபோது துறைமுகத்தின் கயிறு அறுந்தது. கப்பலின் கனத்தைத் தாங்கி விறைத்து நிற்கிற கயிறு அறுந்தால் அதன் வீச்சு கண்ணுக்கே தெரியாது. நெவிலின் நெஞ்சில் அடித்தது. அடுத்த கட்டையில் நின்ற கீத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் கயிறு இற்றுப்போய் வெகுநாளாகியிருந்தது. கும்பலில் எல்லாருக்கும் தெரியும். நெவில் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எத்தனையோ தடவை அதைச் சொல்லியிருக்கிறான். புரியைப் பிரித்தால் உள்ளே மாவு மாதிரி உதிர்கிறது என்று விரலைத் தேய்த்துக் காட்டியிருக்கிறான். துறைமுகக் கண்காணிப்பாளர் தாரல்டிடம் போய்ச் சொன்னதும் உண்டு. புதுசு வரும்வரைக்கும் இதை வைத்தே ஓட்டுங்கள் என்று பதில் வந்தது. நெவில் செத்த அதே வாரம் புதுக்கயிறுகள் வந்து இறங்கின. நீல நிறம். லினெட் துக்க உடையில் ஜன்னல் பக்கம் நின்றபோது லாரி அவள் வீட்டைத் தாண்டித்தான் போயிற்று.

அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் வார்த்தைகள்தான். கம்பெனி அறிவிப்புப் பலகையில் அது ஒரு ‘சம்பவம்’. உள்ளூர்ப் பத்திரிகையில் ‘துயர நிகழ்வு’. தெருவில் பார்க்கிறவர்கள் ‘நெவிலை இழந்துட்டியே’ என்று கையைப் பிடிப்பார்கள். புகைக்கூடத்தில் பெண்கள் ‘போய்ட்டார்’ என்பார்கள். கம்பெனி அனுப்பிய மலர்வளையத்தில் ‘வருந்துகிறோம்’ என்று இருந்ததே தவிர ‘மன்னியுங்கள்’ என்று இல்லை. மரண விசாரணையில் கீத்தைக் கூண்டில் நிறுத்தி, கயிறு எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பழைய கயிறு என்றான். அவ்வளவுதான் சொன்னான். ‘விபத்து’ என்று முடிவு எழுதினார்கள். லினெட் கீத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவனும் அவன் மனைவி பாலீனும் வழக்கம்போல வந்தார்கள். லினெட் வழக்கம்போல மாட்டிறைச்சி சுட்டு, மாவுப் புட்டிங்கை அடுப்பில் உப்பவைத்து, இறைச்சிச் சாறு ஊற்றிப் பரிமாறினாள். கீத்தின் தட்டில் குறைவைத்ததில்லை. பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டாள்.

பிளெங்கினின் பட்டறையில் சாயங்காலம் அவள் சொல்லச் சொல்ல அவர் சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் எழுதினார். நெவில் ஸ்டாதர். பிறந்த வருஷம். அடுத்து, ஸ்டோன்ஃப்ளீட் மதகில் வேலையில் கொல்லப்பட்டார். லினெட்டின் கணவர். பெவர்லியின் டாட். பிளெங்கின் எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். வயதானவர், ஊரில் பாதிப் பேரின் பெயரை வெட்டியவர். தனக்கு எதுவும் ஆட்சேபம் இல்லை, ஆனால் சர்ச் மண்ணில் நடுகிற கல்லுக்குப் பாதிரியார் ஒப்புக்கொள்ள வேண்டும், பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

பாதிரியார் ஹில்யார்ட் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். நெவிலை அடக்கம் செய்தவர் அவர்தான். லினெட்டின் மகள் பெவர்லி, பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை செய்கிறவள், அன்றைக்கு வீட்டில் இருந்தாள். டீ ஊற்றிக் கொடுத்தாள். பாதிரியார் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காற்றைப் பற்றி, புகைக்கூடத்தைப் பற்றி, பெவர்லிக்கு நிச்சயமாகியிருப்பதைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார்.

"நான் மாத்தச் சொல்றது ரெண்டே ரெண்டு வார்த்தைதான், மிசஸ் ஸ்டாதர். ஒண்ணு ‘டாட்’. அது வீட்டுக்குள்ள கூப்பிடற வார்த்தை. கல்லு ரொம்ப காலம் நிக்கப்போறது. ‘ஃபாதர்’னு போட்டா மரியாதையா இருக்கும்."

"எங்கப்பாவ நான் ஒருநாளும் ஃபாதர்னு கூப்பிட்டதில்ல" என்றாள் பெவர்லி. "கூப்பிட்டிருந்தா, பின்னால ஏதோ பாதிரியார் வர்றார்னு திரும்பிப் பார்த்திருப்பார்."

பாதிரியார் சிரித்தார். லினெட் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு?" என்றாள்.

"இன்னொண்ணு, ‘கில்ட்’. கொல்லப்பட்டார்ங்கறது. ‘டைட்’னு போடலாமே. ‘இறந்தார்’. இல்லேன்னா ‘உயிரிழந்தார்’னு போடலாம், இன்னும் கண்ணியமா இருக்கும். ‘நித்திரையடைந்தார்’னுகூட நிறையப் பேர் போடறாங்க. பொருள் ஒண்ணுதானே?"

"பொருள் ஒண்ணுதான்னா, என் வார்த்தையே இருந்துட்டுப் போகட்டுமே."

பாதிரியார் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தச் சொல்லில் குற்றம் சாட்டுகிற தொனி இருக்கிறது என்றார். சர்ச் மண் சாந்திக்கான இடம் என்றார். விசாரணையிலேயே விபத்து என்றுதானே முடிவாயிற்று என்றும் சொன்னார்.

"உயிரிழந்தார்னா என்ன சொல்ல வர்றீங்க?" என்றாள் லினெட். குரலை உயர்த்தவில்லை. "இழக்கறதுன்னா அவரா எங்கயோ விட்டுட்டு வந்தாரா? பஸ்ல குடையை விட்டுட்டு வர்ற மாதிரி? நித்திரையாம். என் புருஷன் படுக்கையில சாகல. காலைல ரொட்டியில மாட்டுக்கொழுப்பத் தடவித் தின்னுட்டு, சைக்கிள்ல ஏறி, வேலைக்குப் போனவரு. அவர் மாரெலும்பு எப்படி இருந்துச்சுன்னு பெட்டிய மூடறதுக்கு முன்னால நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

அவளே மேலும் கேட்டாள்: "இதுல ஆட்சேபம் உங்களுக்கா, வேற யாருக்குமா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. முகம் சிவந்தது. சர்ச் குழுவில் வைத்துப் பேசினோம், மிஸ்டர் தாரல்டுக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம் என்றார். துறைமுகக் கண்காணிப்பாளர் தாரல்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் காணிக்கைத் தட்டு ஏந்திவருகிறவர். கூரைக்கு ஈயத்தகடு போட்டதில் அவர் பங்கு உண்டு.

எழுந்து போகும்போது வாசலில் நின்று பாதிரியார் இன்னொன்று சொன்னார். "‘டாட்’ விஷயத்துல நான் வேணும்னா கண்டும் காணாம விட்டுடறேன். நீங்க அந்த இன்னொரு வார்த்தையை விட்டுக்கொடுத்தா. ரெண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கி வந்த மாதிரி இருக்கும்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் லினெட்டுக்குப் பொறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து பாத்திரங்களை அவள் கழுவிய கழுவலில் ஒரு கோப்பையின் காது கையோடு வந்தது. சந்தையில் மீன் பேரம் பேசுகிற மாதிரி பேசிவிட்டுப் போகிறான், இது தருகிறேன், அது கொடு என்று. யாருடைய வார்த்தையை யார் யாருக்குக் கொடுப்பது?

ஆனால் பெவர்லி மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஒத்துக்கலாம்மா" என்றாள்.

லினெட் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு ‘டாட்’ வேணும். மத்ததெல்லாம் நீயும் அவங்களும் சண்டை போடறது. அது ஒண்ணுதான் எனக்கும் அவருக்கும் நடுவுல உள்ளது. அவர் எப்படிச் செத்தார்ங்கறத கல்லுல பாத்துப் பாத்து நான் நிக்கணுமா? பூ வைக்கப் போறப்பல்லாம் கயிறு ஞாபகம் வரணுமா?"

"வரட்டும்."

"உனக்கு அவர் மேல பிரியத்த விட அவங்க மேல கோபம்தான் ஜாஸ்தி."

அதைச் சொல்லிவிட்டு பெவர்லி கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். லினெட் உடைந்த கோப்பைக் காதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மகள் சொன்னதில் உண்மை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தாள். நெவில் மூக்குறிஞ்சுகிற சத்தம், சாப்பாட்டுக்கு முன்னால் கையை வாசனை பார்க்கிற பழக்கம், தாறுமாறாகப் பாடிக்கொண்டு சைக்கிளுக்குக் காற்றடிப்பது எல்லாம் வந்துபோயின. அவை வருகிறபோதெல்லாம் பின்னாலேயே கோபமும் வந்தது. இரண்டையும் பிரித்து வைக்க அவளுக்குத் தெரியவில்லை.

பெவர்லி திரும்பி வந்தபோது மழை பிடித்திருந்தது. தலை நனைந்திருந்தது. கையில் பொட்டலத்தில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும். வினிகர் வாசனை அறை முழுக்கப் பரவியது. பிரித்து நடுவில் வைத்துவிட்டு, தின்னாமல், சர்ச்சுக்குப் போயிருந்தேன் என்றாள்.

"வாசல்ல யுத்தத்துல செத்தவங்களுக்கு ஒரு தூண் இருக்கில்ல? தினமும் தாண்டிப் போறோம், படிச்சதேயில்ல. இன்னிக்குப் படிச்சேன். பிரான்சுல குண்டுபட்டவன், கடல்ல கண்ணிவெடியில போனவன், ஒருத்தர் விடாம ‘கில்ட்’னுதான் போட்டிருக்கு. கொல்லப்பட்டார், கொல்லப்பட்டார், கொல்லப்பட்டார்னு வரிசையா. அந்தத் தூணுக்கு தாரல்ட்தான் வருஷா வருஷம் மாலை போடறார். அங்க அந்த வார்த்தை சாந்தியக் கெடுக்கல."

லினெட் ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து மகள் பக்கம் நகர்த்தினாள்.

"ராஜாவுக்காகச் செத்தா கொல்லப்பட்டாங்க. கம்பெனிக்காகச் செத்தா உயிரிழந்தாங்க" என்றாள் பெவர்லி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் அவர என்னன்னு கூப்பிட்டேன்னு எனக்குத் தெரியும்மா. நீ அந்த வார்த்தையை விடாதே."

விட்டுக்கொடுக்க முடியாது என்று சொன்னதும் விஷயம் திருமண்டலத்தின் நீதிபதிக்குப் போயிற்று. சர்ச் மண்ணில் கல் விவகாரம் என்றால் அவர்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும். மே மாதம் அவர் சர்ச் கூடத்துக்கே வந்து விசாரிப்பார் என்று பாதிரியார் வந்து தெரிவித்தார். அந்தச் சொல் பொருந்தும் என்று காட்ட லினெட் பக்கம் யாராவது இருந்தால் நல்லது என்றும், கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டுப் போனார்.

இருந்தது ஒரே ஆள்தான்.

லினெட் கீத்தை வீட்டில் கேட்க விரும்பவில்லை. பாலீன் நடுவில் வருவாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மதகுக்குப் போனாள். நெவில் செத்த பிறகு அவள் அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. கடல்மூடுபனி இறங்கி எதிர்க்கரை தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு கப்பலின் மூக்கு மட்டும் மெதுவாக வெளியே வந்தது. மேலே இருந்து யாரோ நுனியில் கனத்துக்குக் குண்டு கட்டிய மெல்லிய கயிற்றை வீச, கீத் அதை எட்டிப் பிடித்து, கைமாற்றி கைமாற்றி இழுத்து, பின்னால் வந்த பருத்த கயிற்றைத் தோளில் ஏற்றி, வளையத்தைக் கட்டையில் மாட்டினான். நீலக் கயிறு. விறைத்துக்கொண்டு முனகியது. அவன் சட்டென்று பின்வாங்கிச் சுவரோரம் போனான். முன்பெல்லாம் அவர்கள் அப்படிப் பின்வாங்குவதில்லை.

கப்பலைக் கட்டி முடித்து அவன் டீக்கொட்டகைக்கு வந்தபோது லினெட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தொட்டு, வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

"பாலீனுக்கு ஒண்ணுமில்லையே?" என்றான் கீத்.

"பாலீன் நல்லா இருக்கா. நான் உன்ன ஒண்ணு கேக்க வந்தேன். கூண்டுல ஏறி நீ பொய் சொன்னேன்னு நான் சொல்லல."

"பழசான்னு கேட்டாங்க. பழசுன்னேன்."

"உன் கோட்டு பழசு. நானும் பழசு. இந்தச் சர்ச்சவிடப் பழசு ஊர்ல எதுவுமில்ல. பழசுன்னா யாரும் சாகறதில்ல, கீத். நீயும் அவரும் அந்தக் கயிற என்னன்னு சொல்லுவீங்க? என் மேசையில உக்காந்து, என் சோத்தத் தின்னுட்டு, என்னன்னு சொன்னீங்க?"

கீத் டீயைக் கலக்கினான். கரண்டி கோப்பையில் நெடுநேரம் சுற்றியது.

"இத்துப்போச்சுன்னு."

"அத ஏன் அங்க சொல்லல?"

அப்போதுதான் அவன் சொன்னான். விசாரணைக்கு முந்தின நாள் தாரல்ட் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த அறையில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. டீயும் பிஸ்கட்டும் வந்தன. பக்கத்தில் கம்பெனி வக்கீல். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்கள். ‘இற்றுப்போன’ என்பது ஆராய்ந்து பார்த்துச் சொல்லவேண்டிய வார்த்தை, நிபுணர்களுடைய வார்த்தை, அதைச் சொன்னால் எப்படித் தெரியும், படித்திருக்கிறாயா என்று குடைவார்கள், உனக்குச் சங்கடம் என்றார்கள். ‘பழைய’ என்று சொன்னால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அதுவும் உண்மைதானே என்றார்கள்.

"என் கையில இருந்த கயிறு, லின். என் கையில உதிர்ந்துச்சு" என்றான் கீத். "எனக்குத் தெரியாதாம். பிஸ்கட்டத் தின்னுட்டுச் சரின்னு வந்தேன்."

லினெட் அவன்மேல் வைத்திருந்த கோபத்தோடுதான் வந்திருந்தாள். அவன் குனிந்த தலையில் நெவிலுக்கு இருந்த அதே சுழி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எழுந்தாள். "மே மாசம் சர்ச் கூடத்துல கூட்டம். வர்றதும் வராததும் உன் இஷ்டம். ஞாயித்துக்கிழமை எப்பவும்போல சாப்பிட வா" என்று மட்டும் சொன்னாள். அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. வெளியே சங்கு ஊதியது. அடுத்த கப்பலுக்குப் போய்விட்டான்.

கூட்டத்தன்று கூடம் நிறைந்திருந்தது. புகைக்கூடத்துப் பெண்கள் கைகழுவியும் போகாத மீன்வாடையோடு பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். நீதிபதி ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். முதலில் தாரல்ட் பேசினார். நெவில் ஸ்டாதர் மேல் தனக்கு மிகுந்த மதிப்பு உண்டு என்றார். நடந்த சம்பவத்துக்குக் கம்பெனி ஆழ்ந்து வருந்துகிறது என்றார். ஆனால் சொல்லுக்குச் சொல் எடை வேறு, கல்லில் வெட்டினால் அந்த எடை இன்னும் கூடும், உயிரோடிருக்கிற மனிதர்கள் மேல் நிழல் விழுகிற சொல்லைத் தேவாலயம் அனுமதிக்கலாமா என்று கேட்டார். நன்றாகப் பேசினார். நடுவில் ஒரு தடவைகூட ‘சாவு’ என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

லினெட் எழுந்து தூணைப் பற்றி மகள் சொன்னதைச் சொன்னாள். பிறகு, "வார்த்தைக்கு எடை உண்டுன்னார். சரிதான். என் புருஷன் மேல விழுந்ததுக்கும் எடை இருந்துச்சு. அந்த எடைக்குச் சமமா ஒரு வார்த்தை கேக்கறேன். குறைச்சு வாங்கிக்க மாட்டேன்" என்றாள்.

பின்வரிசையில் யாரோ ஆமாம் என்றார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். கயிறு அறுந்து நேர்ந்தது என்பதில் தனக்குச் சந்தேகமில்லை, ஆனால் தற்செயலுக்கு இந்தச் சொல் சற்று அதிகமோ என்பதுதான் கேள்வி, இதில் வேறு யாருக்காவது சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டார்.

கீத் கதவோரம் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று லினெட்டுக்குத் தெரியாது. வேலைக் கோட்டோடு, பூட்ஸில் மதகுச் சேற்றோடு வந்திருந்தான். பக்கத்தில் பாலீன், வெளிறிப்போய், அவன் கையைப் பிடித்துக்கொண்டு.

"தற்செயல் இல்லீங்க" என்றான். "கயிறு இத்துப்போயிருந்துச்சு. புரியப் பிரிச்சா உள்ள மாவு. நாங்க தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கோம். எங்கண்ணன் மிஸ்டர் தாரல்டுகிட்டப் போயி, இது ஒருநாள் ஆளக் கொல்லும்னு சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன். ‘கொல்லும்’னுதான் சொன்னான். வேற வார்த்தை சொல்லல."

தாரல்ட் எழுந்தார். முன்பு மரண விசாரணையில் சத்தியம் செய்து பழைய கயிறு என்றுதானே சொன்னாய், கீத், என்று நிதானமாக நினைவூட்டினார்.

"சொன்னேன். அது உங்க அறையில நான் கத்துக்கிட்ட வார்த்தை, சார்" என்றான் கீத். "இது என்னோடது."

பாலீன் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

தீர்ப்பு வெயில்காலம் பிறந்த பிறகு வந்தது. பாதிரியார் கொண்டுவந்து சமையலறையில் நின்றே வாசித்தார். ‘கொல்லப்பட்டார்’ என்பது நடந்ததைச் சொல்கிற சொல், அனுமதிக்கலாம். ‘டாட்’ என்பது தேவாலய வளாகத்தின் கண்ணியத்துக்குப் பொருந்தாத வீட்டுப் பேச்சு, அனுமதிக்க இயலாது, ‘ஃபாதர்’ என்றே இருக்கவேண்டும்.

பெவர்லி சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போய்க் கடைசியில் அழுகையாயிற்று. "கொன்னதச் சொல்லலாம், அப்பான்னு சொல்லக்கூடாதா?" என்றாள். பாதிரியார் மன்னிப்புக் கேட்டார். வருந்துகிறேன் என்று சொல்லவில்லை, மன்னியுங்கள் என்றுதான் சொன்னார். லினெட் அதைக் கவனித்தாள். அவருக்கு உட்கார நாற்காலி இழுத்துப் போட்டாள்.

கீத்தை வேலையை விட்டு அனுப்பவில்லை. அப்படி யாரும் குற்றம் சொல்லிவிட முடியாதபடி, ‘பணியிட மாற்றம்’ என்று ஒரு பெயர் வைத்து, கப்பல் கும்பலிலிருந்து எடுத்து மரக்கிடங்கு பெருக்கப் போட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் கயிறு பிடித்த கை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் பாலீன் அதைச் சொல்லி, மாற்றமாம், என்ன நாகரிகமான வார்த்தை பாரேன் என்றாள். அவளுக்கு லினெட் மேல் கோபம் இருந்தது. மறைக்கவும் இல்லை. லினெட் அதை வாங்கிக்கொண்டாள். கீத் மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் சாறு ஊற்று லின் என்றான். அந்த ஒரு வருஷத்தில் அவனாகக் கேட்டு வாங்கியது அதுதான்.

செப்டம்பரில் கல் வந்தது. பிளெங்கினும் அவர் ஆளும் கீத்துமாக வண்டியிலிருந்து இறக்கி, உருளைக் கட்டைகள்மேல் தள்ளி, குழிக்குள் நிறுத்தி, நூல் பிடித்துச் சரிபார்த்தார்கள். சாம்பல் நிறக் கல். பிளெங்கின் எழுத்துகளை ஆழமாகவே வெட்டியிருந்தார். மற்ற வரிகளைவிட அந்த ஒரு வரி சற்று அதிக ஆழமோ என்று லினெட்டுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பெவர்லி ‘ஃபாதர்’ என்ற எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, டாலியா செடியிலிருந்து அறுத்துவந்த பூக்களைக் கீழே வைத்தாள். "டாட், இந்தா" என்றாள், வீட்டில் சொல்கிற மாதிரி.

‘கொல்லப்பட்டார்’ என்பதைக் கல்லில் பார்த்ததும் நெஞ்சின் பாரம் இறங்கும் என்று லினெட் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. காலையில் மீன் கீறும்போது எவ்வளவு கோபம் இருந்ததோ அவ்வளவும் அப்படியே இருந்தது. தாரல்ட் இன்னும் அதே அறையில் உட்கார்ந்திருக்கிறார். கீத் மரத்தூள் பெருக்குகிறான். விசாரணை முடிவில் இன்னும் ‘விபத்து’ என்றுதான் இருக்கிறது. பெவர்லியும் பிளெங்கினும் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். கீத், சிந்திக் கிடந்த மண்ணைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான்.

அந்தப் பக்கமாக ஒரு அம்மாள் வந்தாள். வெளியூர்க்காரி போல. யாருடைய சமாதிக்கோ தண்ணீர் ஊற்ற வாளியோடு போனவள், புதுக்கல்லைப் பார்த்து நின்றாள். உதடசைத்துப் படித்தாள். படித்துவிட்டு மறுபடி படித்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"கொல்லப்பட்டாரா?" என்றாள். "யாரு கொன்னது?"

லினெட் வாயைத் திறந்தாள். அதற்குள் கீத் மண்வெட்டியைக் கல்மேல் படாமல் ஓரமாகச் சாய்த்துவிட்டு, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாளின் பக்கம் வந்தான்.

"கயிறு இத்துப்போயிருந்துச்சும்மா" என்று ஆரம்பித்தான்.